அக்காவுக்குச் செய்த ஏற்பாடு

தலைமன்னாரில் நல்ல தண்ணீர் கிடைக்காது, ஐயா. இப்போது நீங்கள் குடித்ததுகூட றெயிலில் வந்த தண்ணீர்தான். இங்கே மணலைக் கொஞ்சம் தோண்டினாலே ஊறிவிடும், ஆனால் வாயில் வைக்க முடியாது. உத்தியோகத்தர் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு பீப்பாய் என்று கணக்கு. என் மனைவி இராசம்மா அந்த ஒரு பீப்பாயில் சமைத்து, பிள்ளைகளைக் குளிக்கவார்த்து, மிச்சத்தை முருங்கைக்கு ஊற்றுவாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அக்காவை ஏன் என்னோடு வைத்திருக்கவில்லை என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் இந்தப் பீப்பாயிலிருந்துதான் தொடங்குகிறது.

அக்காவின் பெயர் சிவக்கொழுந்து. எங்கள் ஊர் இந்தத் தீவுக்கு வெளியே பெருநிலத்தில், கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே. நான் நடக்கத் தொடங்குமுன்பே தாயும் தகப்பனும் காய்ச்சலில் போய்விட்டார்கள். அக்கா அப்போது கலியாண வயதில் இருந்தார். ஊராரின் நெல்லை அவித்துக் குற்றிக் கொடுத்து என்னை வளர்த்தார். மன்னாரில் இங்கிலிசுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினதும் அவர்தான். றெயில் வந்த காலத்தில் எனக்கு இங்கே சாமான் பகுதியில் கிளாக்கர் வேலை கிடைத்தது அந்தப் படிப்பால்தான். என்னால்தான் அவர் கலியாணம் செய்யவில்லை என்று ஊரில் சொல்வார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள். ஒருவனுக்குக் கழுத்து நீளம் என்றார். இன்னொருவன் வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு கதைக்கிறான் என்றார். அக்காவுக்கு வாய் கொஞ்சம் கூட. அவரை நீங்கள் பார்த்த நிலையில் அது தெரிந்திருக்காது.

வயது போன பிறகு ஒருநாள் குளக்கட்டில் சறுக்கி விழுந்தார். அதோடு வலது முழங்கால் மடங்கவில்லை. தண்ணீர் அள்ள, அடுப்பு மூட்ட ஆள் வேண்டியிருந்தது. நான் சும்மா இருக்கவில்லை, ஐயா. வங்காலையிலிருந்து பிரான்சிஸ்கா என்ற விதவையைப் பிடித்து, சம்பளம் பேசி அனுப்பினேன். அவள் நல்ல மனுசி. அவள் செபமாலை சொல்ல உட்கார்ந்தால் அக்கா வேண்டுமென்றே உரலை இடிப்பார். பிறகு இரண்டு பேரும் ஒரே வெற்றிலைத் தட்டில் கைபோட்டுச் சிரிப்பார்கள். இரண்டு அறுவடைக்கு நின்றாள். மகளுக்குப் பிள்ளைப்பேறு வந்ததும் போய்விட்டாள். அடுத்து வந்தவள் மாதம் முடியுமுன்பே அக்காவின் வாய்க்குப் பயந்து ஓடினாள். அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு வர யாரும் சம்மதிக்கவில்லை. மழைக்காலத்தில் வண்டி போகாத ஊர். காய்ச்சல் ஊர்.

ஆகவே இங்கே கூட்டி வந்தேன். அக்கா குளத்தில் முழுகிப் பழகினவர். வந்த மறுநாள் விடியவே எழும்பி, அந்தப் பீப்பாய்த் தண்ணீர் முழுவதையும் தலையில் வார்த்துவிட்டார். இராசம்மா வெறும் பீப்பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அக்கா ஈரத் தலையோடு நின்று அவளைப் பார்த்தார். அன்று பின்னேரம் என்னிடம் வந்து, தன்னை ஊரிலேயே கொண்டுபோய் விடச் சொன்னார். நான் மறுக்கவில்லை. அவர் விருப்பத்துக்கு மாறாக நான் எதையும் செய்ததில்லை.

அதன் பிறகு அவர் விழும்போதெல்லாம் ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடமிருந்து எனக்குத் தந்தி வரும். நான் லீவு எழுதிவிட்டுப் போவேன். மூன்றாவது முறை எங்கள் வெள்ளைக்காரத் துரை கூப்பிட்டு, இன்னொரு தரம் போனால் அந்தக் கதிரையில் வேறு ஒருவன் இருப்பான் என்று மரியாதையாகவே சொன்னார். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். என் சம்பளத்தில் இரண்டு வீட்டில் அடுப்பு எரியாது. இதை நான் யாரிடமும் ஒளித்ததில்லை.

அந்தக் காலத்தில்தான் ஒரு மனிதரை இங்கே றெயில் மேடையில் கண்டேன். தீவுக்காரர், வயதானவர், பெருவியாதி. தெற்கே கொழும்புப் பக்கத்திலுள்ள குஷ்டரோக ஆசுப்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அவருக்கென்று றெயிலில் ஒரு தனிப் பெட்டி இணைத்திருந்தார்கள். கடதாசி எழுதினவன் நான்தான். பயணம் அரசாங்கச் செலவு. வழிச் சாப்பாடு அரசாங்கச் செலவு. மடியில் புதுக் கம்பளி ஒன்று வைத்திருந்தார். கூடப்போன பொலிஸ்காரரிடம் கதை கொடுத்தேன். அங்கே ஆளுக்கொரு கட்டில், மூன்று நேரமும் சோறு, வருடத்துக்கு இரண்டு உடுப்பு, நாள்தோறும் டொக்டர் வந்து பார்ப்பார், சாகும்வரைக்கும் என்றார் அவர். தன்னுடைய தாய்க்குக்கூட இந்தக் கொடுப்பினை இல்லை என்றும் சொன்னார். அந்த வயதானவர் ஜன்னலோரத்தில் வாழைப்பழம் உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்குப் பொறாமை வந்தது. எனக்காக அல்ல, அக்காவுக்காக.

கோபத்தில் அறிவிழந்துதான் மனிதர்கள் பிழை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்னிடம் கோபம் இருக்கவில்லை. பல வாரம் யோசித்துத்தான் முடிவெடுத்தேன்.

சேங்கொட்டை தெரியும்தானே உங்களுக்கு. ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்கு மாறிப்போகாமல், துணி வெளுக்கும் கட்டாடிமார் அதன் பாலால்தான் கறுப்புக் குறி போடுவார்கள். மேலில் பட்டால் பொக்குளம் வரும். உரிந்து ஆறும்போது தோல் வெளிறிப் படைபடையாகிவிடும். மன்னாரில் ஒரு கட்டாடியாரிடம் வாங்கினேன். எங்கள் வீட்டுத் துணிக்கு நானே குறி போடப்போகிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தந்தார்.

அக்காவிடம் முழங்காலுக்கு மருந்து என்று சொன்னேன். முழங்காலை நீட்டினார். நரம்பெல்லாம் கையிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்லி, இடது கையில் இரண்டு இடம், தோளுக்குப் பின்னால் ஓரிடம், காதுக்குக் கீழே கன்னத்தில் ஓரிடம் பூசினேன். அதிகம் இல்லை. தேவையான அளவுதான். அவருடைய விரல்கள் நெல் அவித்து அவித்து முன்பே மடங்கிப்போயிருந்தன. அங்கே நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பொக்குளம் வந்த நாட்களில் நான் ஊரிலேயே நின்றேன். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே இருந்தேன். எரிகிறது என்று சொல்வார், பிறகு பழைய கதை ஏதாவது சொல்லுவார். கழுத்து நீண்ட மாப்பிள்ளையின் கதையை அப்போது திரும்பச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். அக்காவை அவ்வளவு கிட்ட இருந்து நான் கவனித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் நிறைகிறது.

படை தெளிவாகத் தெரிந்ததும் விதானையாரிடம் போய் அறிவித்தேன். அப்படி அறிவிப்பது சட்டம். நான் அரசாங்க உத்தியோகத்தன். மன்னார் ஆசுப்பத்திரியிலிருந்து மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி வந்தார். அவர்மேல் குற்றம் இல்லை, ஐயா. அவர் முன்னே பார்த்ததை வைத்துத்தான் எழுதினார். படையில் ஊசியால் குத்திப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நோயுள்ள இடத்தில் நோவு தெரியாது. அதனால் அவர் வருமுன் அக்காவிடம் சொல்லிவைத்தேன்.

"ஊசியாலை குத்துவினம். நோகுதெண்டு சொல்லாதேங்கோ அக்கா."

"ஏன்?"

"நோகுதெண்டா கத்தியாலை வெட்டிப்போடுவினம்."

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டினார். ஊசி இறங்கும்போது அவர் வயல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவம்கூட அசையவில்லை. அப்போதிக்கரி கொஞ்சம் அழுத்தியே குத்தினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பொறுத்துக்கொள்வதில் அக்காவுக்கு நிகர் யாரும் இல்லை.

வண்டியில் ஏற்றும் நாளில் ஊரார் அவருடைய பாயையும் பானையையும் முற்றத்தில் போட்டு எரித்தார்கள். பிறகு வீட்டுக்கும் நெருப்பு வைத்துவிட்டார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அதற்குள் என் பள்ளிக்கூடப் புத்தகங்கள் இருந்தன. அக்கா வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். றெயில் பெட்டியில் ஏறின பிறகுதான் ஜன்னலில் முகத்தை வைத்து, எப்போது வருவாய் என்று கேட்டார். கெதியில் வாறன் என்றேன். அவர் மடியிலும் ஒரு புதுக் கம்பளி இருந்தது. சிவப்புக் கரை போட்டது, நல்ல சாமான்.

கெதியில் போக முடியவில்லைதான். பல வருடம் கழித்து ஒரு தரம் போனேன். நீங்கள் அவரை அப்போது பார்த்திருக்க வேண்டும். உடம்பு வைத்திருந்தார். வெள்ளைச் சேலை சுத்தமாக இருந்தது. சிங்களம் கொஞ்சம் பழகியிருந்தார். அதிலும் யாரையோ ஏசிக்கொண்டுதான் வந்தார். நடுவில் ஒரு குட்டைச் சுவர். நான் அதைத் தாண்டக் காலெடுத்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"கிட்ட வராதை. உனக்குப் பிள்ளையள் இருக்கு."

அந்த இடத்து ஒழுங்கை அவர் அவ்வளவு நன்றாகக் கடைப்பிடித்தது எனக்குச் சந்தோசமாக இருந்தது. உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னேர றெயிலுக்கு நேரமாகிவிட்டது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் அந்த ஆசுப்பத்திரிக்குப் புதிதாக ஒரு டொக்டர் வந்தார். இளம் ஆள். எல்லாரையும் திரும்பச் சோதித்தாராம். சிவக்கொழுந்து என்ற பெண்ணுக்கு நோய் இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று எழுதி, கடதாசியும் கையுமாக அக்காவை றெயிலில் ஏற்றிவிட்டார். அவர் நல்லது செய்ததாக நினைத்திருப்பார். தூரத்தில் இருந்துகொண்டு தீர்மானிப்பவர்களுக்கு இங்குள்ள நிலைமை தெரியாது.

யோசித்துப் பாருங்கள். ஊரில் வீடு சாம்பல். அந்த இங்கிலிசுக் கடதாசியை ஊரில் யார் வாசிப்பார்கள். இங்கே கூட்டி வரலாம் என்றால், மூத்தவளுக்கு யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசி முற்றாகும் நேரம். பெருவியாதிக்காரர் இருந்த இடத்தில் பல வருடம் இருந்துவிட்டு வந்த மாமி வீட்டில் இருக்கிறா என்று தெரிந்தால் யார் வருவார்கள். இராசம்மா அழுதாள். அவள் அழுவதும் நியாயம்தான்.

மன்னாருக்குப் பக்கத்தில் கீரிக் கரையில் ஒரு மீன்வாடி வெறுமையாகக் கிடந்தது. பருவத்துக்கு வந்து தொழில் செய்கிறவர்கள் விட்டுப்போன ஓலைக் கொட்டில். அதற்குள் ஒரு கட்டில் போட்டு அக்காவை இருத்தினேன். கொஞ்சம் தள்ளி இருந்த மீன்பிடிகாரர் வீட்டில் றம்லா என்ற பெண் கஞ்சியும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுக்கச் சம்மதித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தோட்டவெளியில் இறங்கி நடந்துபோவேன். றம்லா அக்காவோடு நன்றாக ஒட்டிக்கொண்டாள். ஒருநாள் நான் போனபோது அவளுடைய தலைக்கு அக்கா எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் வாடைக்காற்று தொடங்கினால் அந்தக் கரையில் யாரும் இருக்க முடியாது. கடல் வாடிக்குள்ளேயே வந்துவிடும். அக்காவுக்கு அதற்குமுன் ஒரு நிரந்தரமான இடம் வேண்டும். எனக்குத் தெரிந்தவரை அவர் நன்றாக இருந்த இடம் ஒன்றுதான். அங்கேதான் உடம்பு வைத்தார். அங்கேதான் ஏசுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். அவரைத் திரும்ப அங்கே சேர்க்க வழி எனக்குத் தெரியும்.

அன்று வாடியில் நான் சேங்கொட்டைப் பால் போத்தலை எடுத்ததும் அக்கா அதையே பார்த்தார்.

"உந்தக் கறுப்பு எனக்குத் தெரியும் தம்பி," என்றார். "கட்டாடி சீலையிலை போடுறது. தோய்க்கத் தோய்க்கப் போகாது."

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"சொன்னா, நீ வேறை என்ன செய்திருப்பாய்?"

நியாயமான கேள்வி. நானும் யோசித்துப் பார்த்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் அவர் கையை என் மடியில் வைத்துவிட்டார். நான் கேட்கவில்லை, ஐயா. தானாகவே வைத்தார். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

"முகத்திலை மட்டும் வேண்டாம்," என்றார். "போனமுறை கண்ணெல்லாம் எரிஞ்சது."

அந்த ஒன்றில்தான் அவர் சொன்னதை என்னால் கேட்க முடியவில்லை. புது டொக்டர் கெட்டிக்காரர். கையை மட்டும் பார்த்து நம்பமாட்டார். நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் பூசினேன். முதல் தடவையை விடக் கூடுதலாகத்தான் பூசினேன், மூன்றாம் தடவை ஒன்று வந்துவிடக் கூடாது என்பதற்காக. அவர் கையைக் கொண்டுபோய் முகத்தைத் தேய்க்கப் பார்த்தார். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். ஆகவே அவருடைய சேலைத் துண்டாலேயே இரண்டு கையையும் கட்டில் சட்டத்தோடு கட்டினேன். நீங்கள் மணிக்கட்டில் கண்ட அடையாளம் அதுதான். அவருடைய கண்ணைக் காப்பாற்றத்தான் அதைச் செய்தேன். பானையில் தண்ணீர் நிறைத்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். கை கட்டியிருந்ததையும் பானை பக்கத்தில் இருந்ததையும் நீங்கள் சேர்த்துச் சொல்லும்வரை நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

வரும் வழியில் றம்லாவிடம், அக்காவுக்குப் பழைய வருத்தம் திரும்பிவிட்டது, கிட்டப் போகக் கூடாது, பிள்ளைகளையும் விடக் கூடாது என்றேன். அவள் மீது எனக்கு அக்கறை. அதோடு, நாலு பேருக்குத் தெரிந்திருந்தால் பிறகு விதானையாருக்கும் அறிவிக்க இலகு. மறுநாள் வந்து கட்டை அவிழ்த்துவிடுவதுதான் என் எண்ணம். ஆனால் மறுநாள் காலை றெயிலில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். நாள் வைக்க வந்தவர்கள். வந்தவர்கள் சில நாள் தங்கி நின்றார்கள். தலைமன்னார் பார்க்க வேண்டும், கப்பல் பார்க்க வேண்டும் என்றார்கள். சம்பந்தம் செய்யப்போகிறவர்களை வீட்டில் விட்டுவிட்டு நான் எங்கே போகிறேன் என்று சொல்லிப் புறப்படுவது. ஒவ்வொரு நாளும் நினைத்தேன். நினைக்காத நாள் இல்லை. அவர்களை வழியனுப்பிவிட்டு நான் கீரிக்குப் போனபோது உங்களுடைய பொலிஸ் ஆட்கள் எனக்கு முன்பே வாடியில் நின்றார்கள்.

கலியாணம் முற்றாகியிருந்தது. இனி என்ன ஆகுமோ தெரியாது. அதைக் கேட்பது இந்த நேரத்தில் பொருத்தமில்லை.

றம்லா சொன்னதை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். இரண்டு நாள் முழுக்க "தம்பி, தம்பி" என்று கூப்பிட்ட சத்தம் தன் வீடுவரைக்கும் கேட்டது, பிறகு கேட்கவில்லை, கிட்டப் போகக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் தான் போகவில்லை என்று சொல்லி அழுதாளாம். பாவம், அவள் அதைத் தவறாக விளங்கிக்கொண்டாள். அது வேதனையில் கூப்பிட்டது அல்ல, ஐயா. அந்த வயதில், அந்தத் தனிமையில், கூப்பிடுவதற்கென்று ஒருவன் இருக்கிறான் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல். எத்தனையோ பேருக்கு அதுகூட இல்லை. அக்காவுக்கு நான் இருந்தேன்.